லினக்ஸில் சிக்னல் ஹேண்ட்லரிலிருந்து வெளியே குதித்தால், இரண்டாவது முறை பிராசஸ் செத்துப்போகிறது

எர்ணாவூர்_சி

வணக்கம். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் எடைமேடைக்கு சி மொழியில் புரோகிராம். வேறொரு மென்பொருள் எழுதும் லாக் ஃபைலை எம்மேப் செய்து (ஃபைலை நேராக மெமரி முகவரியில் பொருத்தி) படிக்கிறோம். அந்த மென்பொருள் நடுநடுவே ஃபைலைச் சுருக்கிவிடும், அப்போது சிக்பஸ் (இல்லாத மெமரியைத் தொட்டால் கெர்னல் அனுப்பும் சிக்னல்) வரும். சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான ஹேண்ட்லரில் லாங்ஜம்ப் போட்டு, செட்ஜம்ப் வைத்த இடத்துக்கு வந்து ஃபைலை மறுபடி திறக்கிறோம்.

மேக்கில் நாள் முழுக்க ஓடுகிறது. யார்டில் உள்ள உபுண்டு மெஷினில் முதல் சிக்பஸ்ஸைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவதில் ஹேண்ட்லருக்குள் நுழையாமலே சாகிறது. ஹேண்ட்லரின் முதல் வரியில் வைத்த ரைட் கூட வரவில்லை. எங்கே பார்க்கணும்?

வியாசர்பாடி_கெர்னல்

சிக்னல் மாஸ்க்கைப் பாருங்க, அதாவது எந்த சிக்னல்கள் பிளாக் ஆகியிருக்கு என்ற பட்டியலை.

ஹேண்ட்லர் ஓடும்போது அந்த சிக்னலை கெர்னலே பிளாக் செய்து வைக்கும். ஹேண்ட்லர் முறையாக ரிட்டர்ன் ஆனால், சிக்ரிட்டர்ன் சிஸ்டம் கால் வழியாகப் பழைய மாஸ்க் திரும்ப வந்துவிடும். லாங்ஜம்ப் அந்தப் பக்கமே போகாது. ரெஜிஸ்டர்களை மாற்றிக்கொண்டு நேராகத் தாவிவிடும். ஆக, சிக்பஸ் பிளாக் ஆனபடியே கிடக்கிறது. அடுத்த முறை அதே பேஜைத் தொடும்போது சிக்னலை நிறுத்தி வைக்கவும் கெர்னலுக்கு வழியில்லை, அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தாண்டி பிராசஸ் நகரவே முடியாதே. அதனால் உங்க ஹேண்ட்லரைக் கழற்றிவிட்டு, டீஃபால்ட்டுக்கு மாற்றி, கொன்றுவிடும்.

மேக்கில் தப்பிக்கக் காரணம், பிஎஸ்டி வழிவந்த செட்ஜம்ப் மாஸ்க்கையும் சேர்த்துச் சேமிக்கும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி சேமிக்காது. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தர வரையறையான போசிக்ஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது.

கண்ணாலேயே பார்க்கலாம். முதல் தாவலுக்குப் பிறகு ப்ராக் டைரக்டரியில் அந்த பிராசஸ் எண்ணுக்குள் இருக்கும் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து, சிக்பிஎல்கே என்ற வரியைப் பாருங்க. எக்ஸ்86, ஆர்ம் இரண்டிலும் சிக்பஸ் எண் 7. ஏழாவது பிட் ஏறியிருந்தால் வரியின் கடைசியில் ஹெக்ஸில் 40 என்று நிற்கும். எல்லாம் சுழியமாக இருக்க வேண்டிய இடம் அது.

தீர்வு: செட்ஜம்ப்புக்குப் பதில் சிக்செட்ஜம்ப், இரண்டாவது ஆர்க்யுமென்ட் 1 (மாஸ்க்கையும் சேமி என்று அர்த்தம்). ஹேண்ட்லரில் லாங்ஜம்ப்புக்குப் பதில் சிக்லாங்ஜம்ப். மாஸ்க்கைச் சேமிக்க ஒவ்வொரு சிக்செட்ஜம்ப்புக்கும் ஒரு சிஸ்டம் கால் கூடுதலாகப் போகும். அதனால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் வைக்காமல் ஒரு பிளாக்குக்கு ஒன்று வைங்க. எஸ்ஏ_நோடிஃபர் (ஹேண்ட்லர் ஓடும்போது அந்த சிக்னலை பிளாக் செய்யாதே என்ற ஆப்ஷன்) போட்டாலும் சாவு நிற்கும், ஆனால் ஹேண்ட்லருக்குள்ளேயே சிக்பஸ் வந்தால் ஸ்டாக் தீரும் வரை தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் போகாதீங்க.

கொருக்குப்பேட்டை_பிட்

மாஸ்க் சரியானால் சாவு நிற்கும். ஆனால் எதை நடுவில் வெட்டிவிட்டுக் குதிக்கிறோம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

சிக்லாங்ஜம்ப்பை ஹேண்ட்லரில் கூப்பிடலாம் என்று போசிக்ஸ் பட்டியலில் இருக்கிறது. அதோடு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: சிக்னல் வந்த நேரத்தில் மால்லாக் (மெமரி ஒதுக்குவது), பிரிண்ட்எஃப் மாதிரி, ஹேண்ட்லரில் கூப்பிடப் பாதுகாப்பில்லாத ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருந்து, அதை வெட்டிவிட்டுத் தாவினால், அதற்குப் பிறகு அப்படிப்பட்ட எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் நடத்தைக்கு உத்தரவாதம் இல்லை. மால்லாக் பூட்டைப் பிடித்திருக்கும்போது வெட்டினால் பூட்டைத் திறக்க ஆளே இல்லை. அடுத்த மால்லாக் அங்கேயே நின்றுவிடும். பூட்டு இல்லாத ஒற்றை திரெட் புரோகிராமில் இன்னும் மோசம்: ஃப்ரீ லிஸ்ட் (காலி மெமரிப் பட்டியல்) பாதி மாறிய நிலையில் கிடக்கும், மணிக்கணக்கு கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும்.

ஆகவே குதிக்க அனுமதிக்கும் ஜன்னலை ஒரே ஒரு மெம்காப்பி அளவுக்குச் சுருக்குங்க. மேப்பிலிருந்து சொந்த பஃபருக்கு 64 கேபி காப்பி, அவ்வளவுதான். பார்ஸ் செய்வது, லாக் எழுதுவது எல்லாம் அந்த பஃபரிலிருந்து, ஜன்னலுக்கு வெளியே.

இப்போது ஜன்னலுக்குள் இருக்கிறோம், தாவலாம் என்று ஹேண்ட்லருக்குச் சொல்ல ஒரு கொடி வேரியபிள் வைங்க. சிக்செட்ஜம்ப் சுழியம் கொடுத்த பிறகே அதை ஏற்றணும். முன்னாடியே ஏற்றினால் நிரம்பாத ஜம்ப் பஃபருக்குத் தாவும் அபாயம் உண்டு. கொடியின் டைப் வாலடைல் சிக்_அட்டாமிக்_டி. ஆனால் வாலடைல் மட்டும் போதாது: சாதாரண மெமரி அணுகலை வாலடைலுக்கு அந்தப் பக்கம் நகர்த்த கம்பைலருக்கு உரிமை உண்டு, மெம்காப்பியே ஜன்னலுக்கு வெளியே போகலாம். கொடி ஏற்றிய பிறகும் இறக்கும் முன்பும் அட்டாமிக்_சிக்னல்_ஃபென்ஸ் போடுங்க. கம்பைலருக்கான தடை மட்டுமே, பிராசஸருக்கு ஒரு செலவும் இல்லை. சிக்செட்ஜம்ப்புக்குப் பிறகு மாற்றிய லோக்கல் வேரியபிளைத் தாவி வந்ததும் படிப்பதாக இருந்தால் அதுவும் வாலடைலாக இருக்கணும். இல்லாவிட்டால் கம்பைலர் ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் சரியாகவும் ஆப்டிமைஸ் செய்யும் ஓ2-வில் தப்பாகவும் வரும்.

ஹேண்ட்லர் மூன்றைப் பார்க்கணும்: கொடி ஏறியிருக்கா, தப்பு நடந்த முகவரியான எஸ்ஐ_அட்ரஸ் நம்ம மேப்புக்குள் இருக்கா, சிக்னலின் காரணத்தைச் சொல்லும் எஸ்ஐ_கோட் சுழியத்துக்கு மேலா (சுழியம் என்றால் யாரோ கில் அனுப்பியது). மூன்றும் சரியானால் கொடியை இறக்கிவிட்டுத் தாவட்டும். கெர்னல் அனுப்பியதே, ஆனால் நம்ம ஜன்னலில் இல்லை என்றால் டீஃபால்ட் ஹேண்ட்லரை வைத்துவிட்டு ரிட்டர்ன் செய்யட்டும். அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் மறுபடி ஓடி, அதே இடத்தில் கோர் டம்ப் விழும். உண்மையான பக் மறைந்துபோகாது.

இன்னொன்று. ஃபைல் பேஜ் நடுவில் முடிந்தால் அந்த 4096 பைட்டின் மிச்சம் சுழியமாகப் படிக்கும், சிக்பஸ் வராது. முழுக்க வெளியே இருக்கும் பேஜைத் தொட்டால்தான் வரும். ஆகவே “சிக்னல் வரலை, டேட்டா சரி” என்று எடுத்துக்கொள்ளாதீங்க. எடைச்சீட்டில் சுழியம் விழுந்தால் யார்டில் சண்டைதான்.

எர்ணாவூர்_சி

அண்ணே, 40 அப்படியே நிற்கிறது. சிக்செட்ஜம்ப் மாற்றியதும் சுழியமாகிவிட்டது. இதே வழியில், எடை இண்டிகேட்டரின் சீரியல் போர்ட்டைப் படிக்கும்போது 2 விநாடியில் பதில் வராவிட்டால் சிக்அலாரம் (டைமர் முடிந்ததும் வரும் சிக்னல்) அடித்து வெளியே குதிக்கலாமா?

கொருக்குப்பேட்டை_பிட்

வேண்டாம் தம்பி. சிக்பஸ் வரும் இடம் உங்களுக்குத் தெரியும், மெம்காப்பிக்குள். சிக்அலாரம் எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனிலும் வரும். ரீட் பைட்டுகளை வாங்கிவிட்டது, எத்தனை வந்தது என்று வேரியபிளில் எழுதும் முன் அலாரம் அடிக்கிறது என்று வைங்க. குதித்துவிட்டீங்க. அந்த பைட்டுகள் கெர்னலிலும் இல்லை, எத்தனை என்ற கணக்கும் இல்லை. அடுத்த ரீட் எடையின் பாதி எண்ணிலிருந்து ஆரம்பிக்கும். 24350 கிலோ வண்டி 350 கிலோ ஆகும்.

பல திரெட் இருந்தால் சிக்அலாரம் பிளாக் செய்யாத எந்த திரெட்டுக்கும் போகலாம். ஒரு திரெட்டின் ஜம்ப் பஃபருக்கு இன்னொரு திரெட்டிலிருந்து தாவினால், அவன் ஸ்டாக்கில் இவன் ஓடுவான்.

சீரியலுக்கு ‘போல்’ (poll) என்ற சிஸ்டம் காலே போதும், டைம்அவுட் 2000 மில்லிசெகண்ட். அல்லது சீரியல் போர்ட் அமைப்புகளான டெர்மியாஸில் விமின் 0, விடைம் 20. விடைம் அலகு பத்தில் ஒரு விநாடி, அதிகபட்சம் 255. ரீட் தானாகவே சுழியம் கொடுத்துத் திரும்பும்.

வியாசர்பாடி_கெர்னல்

அந்த லாக் ஃபைலுக்கே எம்மேப் தேவையா என்று ஒரு தடவை யோசிங்க. எம்மேப்புக்குப் பதில் பிரீட் (pread, ஃபைலின் குறிப்பிட்ட இடத்திலிருந்து படிக்கும் சிஸ்டம் கால்) போட்டால், ஃபைல் சுருங்கும்போது கம்மி பைட் வரும், சிக்னலே கிடையாது. லாக் ஃபைலுக்கு வேக வித்தியாசம் தெரியவே தெரியாது. மேப் செய்த முகவரியை நேராக ரைட் சிஸ்டம் காலுக்குக் கொடுத்தாலும் சிக்பஸ் வராது. இஎஃபால்ட் (தப்பான முகவரி) என்று எர்ரர்தான் வரும்.

எம்மேப் கட்டாயம் என்றால், ஜம்ப் பஃபரைக் காட்டும் பாயின்டர் திரெட்டுக்கு ஒன்றாக இருக்கட்டும். சிக்பஸ் தப்பு செய்த திரெட்டுக்கே வரும், அதனால் இது சரியாக வேலை செய்யும். ஓடும்போதே டிஎல்ஓபன் வழியாக ஏற்றிய லைப்ரரியில் அந்தப் பாயின்டர் இருந்தால் மட்டும் கவனம்: திரெட்டுக்கு ஒன்றாக இருக்கும் இப்படிப்பட்ட திரெட் லோக்கலை முதன்முறை தொடும்போது உள்ளே மால்லாக் ஓடலாம். ஹேண்ட்லரில் அது நடக்கக்கூடாது. திரெட் தொடங்கியதுமே அந்தப் பாயின்டரில் நல் எழுதி வைங்க.