மலேசிய ராப் குழு போயட்டிக் அம்மோவின் கேசட் உள்ளட்டை யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். என் மகன் 2017இல் வந்த 'விவேகம்' படத்தின் 'சர்வைவா' பாட்டை ஓயாமல் கேட்பான். அதில் ராப் பாடியவர் நம்ம ஊர் யோகி பி என்று சொன்னால் நம்பவில்லை. சரி என்று அவர் நட்சத்திரா குழுவோடு 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பத்தைப் போட்டேன். 'மடை திறந்து' கேட்டதும் அவன் 'நிழல்கள்' மூலப் பாட்டுக்கே போய்விட்டான்.

நான் எதிர்த்திசையில் போனேன். நட்சத்திராவுக்கு முன்பு யோகி பி, லேண்ட்ஸ்லைட், பாயிண்ட் பிளாங், சி. லோகோ நால்வரும் போயட்டிக் அம்மோவாக இருந்த காலம். 1998இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் போன மாதம் பழைய சாமான் கடையில் 5 வெள்ளிக்குக் கிடைத்தது. கேசட் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் உள்ளட்டை இல்லை. வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். யார் இசையமைத்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள், கூடப் பாடிய குரல்கள் யாருடையவை, எதுவும் தெரியவில்லை. எனக்கு வேண்டியதே அதுதான், பாட்டு இணையத்தில்கூடக் கிடைத்துவிடும்.

இதுவரை ஆல்பம் விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினேன். யூடியூப் பதிவுகளின் கீழே கேட்டேன். மஸ்ஜித் இந்தியா பக்கம் இரண்டு கடை ஏறி இறங்கினேன். அப்போது கேசட் சேர்த்த என் அண்ணனோ வீடு மாறும்போது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டாராம். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த 1998 கேசட்டோ சிடியோ வைத்திருப்பவர்கள், பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் படம் எடுத்து இங்கே போட முடியுமா?