கலைச்சொல் விவாதம்: டைம்ஷிஃப்டுக்கு 'காலப்பெயர்ச்சி' பொருந்துமா?

வணக்கம்.

வீட்டுத் திரையரங்குக் கணினியில் ஓடும் டிவிஹெட்எண்ட் (டிவி ஒளிபரப்பை வாங்கிப் பதிவுசெய்து தரும் மென்பொருள்), கோடி (அதைத் திரையில் காட்டும் மென்பொருள்) இரண்டின் தமிழாக்கத்துக்கும் ஒரே சொற்பட்டியல் வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கியதில் முதல் முட்டுக்கட்டை 'டைம்ஷிஃப்ட்', அதாவது ஓடும் ஒளிபரப்பை நிறுத்திவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து பார்ப்பது. வரைவில் 'காலப்பெயர்ச்சி' என்று இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் இதைப் பார்ப்பவருக்குச் சனிப்பெயர்ச்சிப் பலன்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, பொருளே பிசகு. இங்கே காலம் எங்கும் பெயர்வதில்லை. ஒளிபரப்பு அதன் போக்கில் வந்துகொண்டேதான் இருக்கிறது, பார்ப்பவர்தான் பின்தங்குகிறார்.

உள்ளே நடப்பது இதுதான். ட்யூனர் (ஒளிபரப்பை வாங்கும் கருவி) தருவது 188 பைட் தரவுப் பொட்டலங்களின் ஓட்டம். பார்க்கும் சேனலின் படத்துக்கும் ஒலிக்கும் உரிய அடையாள எண் கொண்ட பொட்டலங்களைப் பிரித்து, மென்பொருள் ஓர் இடையகத்தில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) எழுதிக்கொண்டே போகும். எழுதும் முனை ஒன்று, படிக்கும் முனை ஒன்று. இரண்டும் ஒட்டி ஓடினால் சாதாரணமாக டிவி பார்க்கிறோம். நிறுத்து பொத்தானை அமுக்கினால் படிக்கும் முனை நிற்கும், எழுதும் முனை ஓடும். மறுபடி ஓடவிட்டால் படிக்கும் முனை அதே இடைவெளியோடு பின்னாலேயே வரும். விளம்பரங்களைத் தாண்டத் தாண்ட இடைவெளி குறைந்து கடைசியில் எட்டிவிடும்.

எனவே 'பிந்திப் பார்த்தல்' என்று முன்மொழிகிறேன். பொத்தானுக்குச் சுருக்கமாக 'பிந்து பார்வை'.

———

> எனவே 'பிந்திப் பார்த்தல்' என்று முன்மொழிகிறேன்.

இலங்கைப் பத்திரிகைகளில் 'பிந்திய செய்தி' என்றால் ஆகக் கடைசியாக வந்த, புத்தம் புதிய செய்தி. எங்கள் வாசகருக்கு 'பிந்து பார்வை' என்பது 'இப்போது ஓடுவதைப் பார்' என்று நேர் எதிராகப் படக்கூடும். இரண்டு கரைக்கும் பொதுவான பட்டியல் என்றால் இந்தச் சொல் ஆகாது.

'ஒத்திவைத்துப் பார்த்தல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ஒத்திவைப்பது தொடங்காத ஒன்றை. இங்கே நிகழ்ச்சி பாதியில் நிற்கிறது. 'காலந்தாழ்த்திப் பார்த்தல்' பொருளுக்குச் சரி, நீளத்துக்குச் சரியில்லை. திரையின் அடியில் வரும் பொத்தானில் அது 'காலந்தாழ்த்…' என்று வெட்டுப்பட்டு நிற்கும்.

அதே பக்கத்தில் 'லைவ் டிவி' என்பதை 'நேரலை' என்று போட்டிருக்கிறீர்கள். நேரலை என்றால் நிகழும்போதே ஒளிபரப்புவது. இந்தப் பக்கத்தில் 1970களின் படம் ஓடினாலும் அது 'லைவ் டிவி'தான். 'ஓடும் டிவி' போதும்.

———

'ஓடும் டிவி' நன்று. ஏற்கிறேன்.

டைம்ஷிஃப்டுக்கு நம்மிடமே ஒரு வழக்கு இருக்கிறது: விட்டுப் பிடிப்பது. முரண்டு பிடிக்கும் பிள்ளையை, விலையில் இறங்கிவராத வியாபாரியை, 'கொஞ்சம் விட்டுப் பிடி' என்போம். ஓட்டத்தை ஓடவிட்டுப் பிறகு எட்டிப் பிடிப்பது என்று முதல் மடலில் விளக்கிய செயலும் அதுவே. விட்டுப்பிடி என்று ஒரே சொல்லாக எழுதலாம். ஆறு எழுத்து, எந்தப் பொத்தானிலும் அடங்கும்.

———

> விட்டுப்பிடி என்று ஒரே சொல்லாக எழுதலாம்.

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கலைச்சொல் தனியாக நின்று அழகு காட்டினால் போதாது, சரங்களுக்குள் (திரையில் வரும் வாசகங்களுக்குள்) உட்கார வேண்டும். உட்கார்த்திப் பார்த்தேன்.

'விட்டுப்பிடி இடையகம்': சரி.

'விட்டுப்பிடி உச்ச நேரம் (நிமிடம்)': சரி. இதற்கு ஓர் உதவிக்குறிப்பும் வேண்டும். நொடிக்கு 4 மெகாபிட் ஓடும் சாதாரணத் தெளிவுச் சேனல் நிமிடத்துக்கு 30 மெகாபைட் பிடிக்கும். 90 நிமிடத்துக்கு 2.7 ஜிகாபைட். 10 மெகாபிட் எச்டி சேனல் என்றால் நிமிடத்துக்கு 75, 90 நிமிடத்துக்கு 6.75 ஜிகாபைட். நினைவகத்தில் மட்டும் வைக்கச் சொல்லி 512 மெகாபைட் ஒதுக்கினால் சாதாரணச் சேனலுக்கு 17 நிமிடம், எச்டிக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சோறு போட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும். ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் இடையகத்தை மெமரி கார்டில் வைக்காமல் வெளி வன்வட்டுக்குத் திருப்ப வேண்டும். ஓயாமல் எழுதி அழிப்பதில் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

'கேட்டால் மட்டும் விட்டுப்பிடி': இங்கே சிக்கல். இந்தத் தேர்வைப் போட்டால், முதல் முறை நிறுத்தும்போதுதான் இடையகத்தில் எழுதத் தொடங்கும். அதற்கு முன் ஓடியது எங்கும் இருக்காது. சேனலைப் போட்டதும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, நகரவில்லை, மென்பொருள் பழுது என்று புகார் வரும். சொல் சரிதான், விளக்கம்தான் வேண்டும்: 'நிறுத்திய பிறகே சேமிக்கும், அதற்கு முன் போக முடியாது.'

இன்னொரு பிழைச்செய்தியும் உண்டு. இடையகம் நிறைந்து பழைய துண்டுகள் அழிக்கப்படும்போது, நிறுத்திவைத்த இடமும் அழிந்துபோகலாம். அதற்கு 'விட்டதைப் பிடிக்க இயலவில்லை: இடையகம் நிறைந்தது' என்று எழுதினேன். இதற்கு வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு வளைந்து கொடுக்கவில்லை. என் ஆட்சேபம் இத்துடன் முடிந்தது.

———

விட்டுப்பிடிக்கு என் வாக்கும். அடுத்த சொல்லுக்கு வருவோம்: 'அலைவரிசை'.

சேனலுக்கு இதை எழுதிப் பழகிவிட்டோம். ஓர் அலைவெண்ணில் (ஃப்ரீக்வென்சியில்) ஒரு சேனல் வந்த அனலாக் காலத்துக்கு அது பொருந்தியது. டிஜிட்டலில் ஒரே அலைவெண்ணில் ஒரு கட்டாகப் பல சேனல்கள் வருகின்றன. ஜிசாட்-15 செயற்கைக்கோளில் 93.5 பாகை கிழக்கிலிருந்து வரும் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீடிஷ் அப்படித்தான். அதன் ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஓர் அலைவெண்ணைத் திருப்பி அனுப்பும் கருவி) டிவிபி-எஸ் என்ற ஒளிபரப்பு முறையில் தருவது நொடிக்கு ஏறத்தாழ 40.8 மெகாபிட். அதில் பத்துச் சேனல்கள் தாராளமாக உட்காரும்.

ஆகவே ஒரே அலைவெண்ணில் வரும் அந்தத் தொகுப்புக்கு, அதாவது மல்டிப்ளெக்ஸுக்கு, 'கட்டு', சேனலுக்கு 'சேனல்' என்றே விட்டுவிடுவோம். 'அலைவரிசை' என்று போட்டால் பயனருக்குப் பதிவு மோதல் புரியவே புரியாது. எட்டு முதல் ஒன்பது வரையிலான நிகழ்ச்சிக்குப் பின்சேர்ப்பு (முடிந்த பிறகும் பதிவது) 5 நிமிடம், ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு முன்சேர்ப்பு (முன்கூட்டியே பதியத் தொடங்குவது) 5 நிமிடம் வைத்தால் 8.55 முதல் 9.05 வரை இரண்டு பதிவும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டு சேனலும் ஒரே கட்டில் இருந்தால் ஒரு ட்யூனரே போதும். வேறு வேறு கட்டு என்றால் இரண்டு ட்யூனர் வேண்டும்; இல்லையென்றால் முன்னுரிமை குறைந்த பதிவு விழுந்துவிடும். 'ஒரே கட்டு' என்ற இரண்டு சொல்லில் இதைச் சொல்லிவிடலாம்.

———

> வேறு வேறு கட்டு என்றால் இரண்டு ட்யூனர் வேண்டும்

ஒப்புகிறேன். 'பதிவு' என்ற சொல்லைத்தான் இன்னும் யாரும் தொடவில்லை. ரெக்கார்டிங், ரெஜிஸ்டிரேஷன், லாக் மூன்றும் நம் வரைவில் பதிவு. 'பதிவைப் பார்க்க' என்று அமுக்கினால் படமும் வரலாம், பிழைக்குறிப்பும் வரலாம். ரெக்கார்டிங்குக்குப் பதிவு, லாகுக்குக் குறிப்பேடு, பயனர் கணக்குக்குப் பெயர்ப்பதிவு என்று பிரித்துவிடலாம்.

குறிப்பேட்டில் வரும் இரண்டு பிழைகளையும் ஒரே 'சமிக்ஞைப் பிழை'யாக மாற்றியிருப்பது ஆபத்து. ஒவ்வொரு பொட்டலத்திலும் 0 முதல் 15 வரை சுற்றிவரும் எண்ணி ஒன்று உண்டு. 7க்குப் பிறகு 9 வந்தால் ஒரு பொட்டலம் காணோம் என்று பொருள். இது தொடர்ச்சிப் பிழை. பிழைதிருத்தத்தால் மீட்க முடியாத பொட்டலத்தில் டீமாடுலேட்டரே (ட்யூனரில் சமிக்ஞையைத் தரவாக்கும் பகுதி) ஒரு கொடியை, அதாவது பிழை அடையாளத்தை, ஏற்றிவிடும். இது கடத்தல் பிழை. இரண்டும் சேர்ந்து வந்தால் குற்றம் வெளியில்: தட்டின் திசை, எல்என்பி (தட்டின் முன்னால் இருக்கும் வாங்கி), கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டருக்குள் இறங்கிய மழைநீர். கடத்தல் பிழை சுழியமாக இருக்கத் தொடர்ச்சிப் பிழை மட்டும் ஏறினால், கூரைமேல் ஏறிப் பயனில்லை. பொட்டலம் கணினிக்குள்தான் தொலைகிறது. ட்யூனரும் வன்வட்டும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் மாட்டியிருக்கும், அல்லது ஹப்புக்கு மின்சாரம் போதாது. ட்யூனரைத் தனித் துளைக்கு மாற்றி, ஹப்புக்கு வெளி அடாப்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே சொல்லாக மொழிபெயர்த்தால் ஆளை ஏணியில் ஏற்றிவிடுவோம்.

———

திருத்திய சரங்களை ஏற்றிவிட்டேன்: விட்டுப்பிடி, ஓடும் டிவி, கட்டு, பதிவு, குறிப்பேடு, தொடர்ச்சிப் பிழை, கடத்தல் பிழை.

மிச்சம் இருப்பது 'டீஇன்டர்லேஸ்'. வரைவில் 'பின்னல் நீக்கம்' என்று இருக்கிறது. 576 வரிப் படம் ஒற்றை வரிகள் ஒரு புலம், இரட்டை வரிகள் ஒரு புலம் என்று நொடிக்கு 50 புலங்களாக வருகிறது. அவற்றை 25 முழுப்படமாக ஒட்டினால் ஓடும் பந்தின் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். ஒவ்வொரு புலத்தையும் முழுப்படமாக்கி 50 ஆகக் காட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும். திரை 60 ஹெர்ட்ஸில் இருந்தால் அதுவும் விக்கும், 50க்கு மாற்ற வேண்டும். 'பின்னல்' என்றால் சடை நினைவு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். 'வரிப்பின்னல் நீக்கம்' என்றால் தெளிவாகுமா, அல்லது 'சீப்புப்பல் நீக்கம்' என்று கண்ணுக்குத் தெரியும் குறையையே பெயராக வைக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.