நம் வீடு (குடும்பக் குழு): சிவப்புத் தலைக் குருவி

மீனா: [புகைப்படம்]
பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தின் மாடிக்கு வந்திருக்கிறேன். கீழே, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட அறையில்தான் கூட்டம். எனக்கு இந்த நீளக் கூடம் போதும். 1802 முதல் இங்கே சார்ல்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியரின் அருங்காட்சியகம் இருந்தது. சுவர் நெடுகக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே பாடம் செய்த பறவைகள். டிக்கெட் 25 சென்ட்.

கதிர்: அக்கா, படத்தில் ஜன்னலும் தரையும்தான் தெரிகின்றன. பறவை எங்கே?

மீனா: பொறு. ஓவியர் அல்லவா, பெட்டியின் பின்புறத்தில் காடு, மேடு, வானம் எல்லாம் தீட்டிவைத்தார். வெறுமனே அடுக்கிவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பெரியம்மா: செத்த குருவி அத்தனை வருடம் அழுகாமல் எப்படியம்மா இருக்கும்?

மீனா: தோலை இறகோடு உரித்துக் காயவைப்பார்கள், பெரியம்மா. ஆனால் காய்ந்த தோலைப் பூச்சி விடாது. பீல் டர்பன்டைன் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் பாஷாணம். அது அவர் உடம்பையும் கெடுத்தது.

பெரியம்மா: என் பட்டுப்புடவைகளுக்குப் பாச்சை உருண்டையே போதுமாக இருக்கிறது. பாஷாணமா! நீ எதையும் தொடாதே.

மாமா: அமெரிக்காவின் மேற்கே பசிபிக் கடல்வரை ஆராய்ந்துவந்த லூயிஸ், கிளார்க் பயணத்தில் பிடித்த பறவைகளும் அங்கேதானே வந்தன?

மீனா: ஆமாம் மாமா, நான் தேடி வந்ததே அதைத்தான். 1806 ஜூனில், இன்றைய ஐடஹோவில், லூயிஸ் ஒரு குருவியைப் பார்த்து எழுதிவைத்தார். மஞ்சள் உடல், கறுப்புச் சிறகு, குங்குமத்தில் முகத்தை முக்கி எடுத்ததுபோல் சிவப்பு. டனேஜர் என்ற பறவை இனம். அதன் காய்ந்த தோலை வைத்துக்கொண்டுதான் அலெக்சாண்டர் வில்சன் படம் வரைந்தார். ஸ்காட்லாந்தில் தறி நெய்துகொண்டிருந்தவர்! அமெரிக்கப் பறவைகள் பற்றி அவர் எழுதிய நூலில், 1811-இல் வெளிவந்த பாகத்தில் இருக்கிறது. லூசியானா டனேஜர் என்று பெயர் வைத்தார். அது கூடு கட்டுவதோ மேற்கு மலைக்காடுகளில்.

கதிர்: பெயர் ஓர் ஊர், வீடு ஓர் ஊர். சரி, தோல் இப்போது எங்கே?

மீனா: இல்லை. பீல் 1827-இல் இறந்தார். 1850 வாக்கில் பறவைகளை விற்றுவிட்டார்கள். ஒரு பங்கு நியூயார்க்கில் அருங்காட்சியகம் நடத்திய பார்னம் என்பவருக்கு. அவருடைய கட்டடம் 1865-இல் எரிந்தது. இன்னொரு பங்கு பாஸ்டனுக்கு. அதில் மிஞ்சியவை 1914-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயின. லூயிஸ் கொண்டுவந்ததாகக் கருதப்படும் மரங்கொத்தி ஒன்று அங்கே இருக்கிறது. வில்சன் இந்தக் குருவியோடு ஒரே பக்கத்தில் வரைந்த மரங்கொத்தி இனம்தான். குருவி மட்டும் போய்விட்டது.

மாமா: அந்தச் சிவப்பு, அது தின்னும் பூச்சிகளிலிருந்து வருகிறது என்று படித்த நினைவு.

கதிர்: பூச்சி கொடுத்ததைப் பூச்சியே திருப்பி வாங்கிக்கொண்டதோ?

மீனா: பூச்சியோ, தீயோ. காவலர் கூப்பிடுகிறார், மாடியைப் பூட்டுகிறார்களாம். வில்சன் வரைந்த பக்கத்தை இரவு அனுப்புகிறேன்.

பெரியம்மா: கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு.