தீட்சிதர் கிருதிகளுக்காக மும்பையில் ஒரு ஃபவுண்டேஷன்: பணத்தை எதில் போடுவது?

செம்பூர்_மருமகள்:

என் மாமியார் செம்பூரில் வீணை சொல்லிக்கொடுத்தவர். விரல் ஒத்துழைக்காததால் இப்போது புது மாணவர்களை எடுப்பதில்லை. காது மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டு டிவி பாட்டுக்குக்கூட சுருதி சேரவில்லை என்று முகம் சுளிப்பார். முத்துசுவாமி தீட்சிதர் என்றால் அவருக்குத் தனிப் பித்து. தீட்சிதர் பேரில் ஒரு ஃபவுண்டேஷன் வேண்டும், ஆராய்ச்சிக்கும் கச்சேரிக்கும் அது உதவ வேண்டும் என்கிறார். வீட்டில் 20 லட்சம் ஒதுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். பழைய மாணவிகளும் தருவதாகச் சொல்கிறார்கள், அதில் இரண்டு பேர் அமெரிக்காவில்.

என் கணவர் பெரிய ஹால், பெரிய வித்வான், வருஷத்துக்கு ஒரு விழா என்கிறார். மாமியார் அதைக் கேட்டுச் சிரிக்கிறார், காரணம் சொல்வதில்லை. நான் பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். சங்கீதம் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். டிரஸ்டா, சொசைட்டியா? பீரோ நிறைய நொடேஷன் நோட்டுகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது? ஃபிளாட்டையும் ஃபவுண்டேஷனுக்கே எழுதிவிடு என்று வேறு சொல்கிறார்.

முலுண்டு_ஆடிட்டர்:

ஃபிளாட்டை மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். டிரஸ்ட் சொத்தாகிவிட்டால் பிறகு விற்பதற்கு மகாராஷ்டிரா பப்ளிக் டிரஸ்ட் சட்டம் 36ஆம் பிரிவின்படி சாரிட்டி கமிஷனரின் அனுமதி வேண்டும். ஹவுசிங் சொசைட்டியின் ரிப்பேர் பில் வரும்போது அந்த அருமை தெரியும்.

உங்கள் அளவுக்கு டிரஸ்ட் போதும். மேலே சொன்ன அதே 1950ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிவு. சொசைட்டி என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், இங்கே அதையும் டிரஸ்டாகப் பதிய வேண்டும், எதற்கு இரட்டை வேலை? வருஷா வருஷம் ஆடிட் உண்டு. ஒரு டிரஸ்டி மாறினாலும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். டிரஸ்டுக்கு வரிவிலக்கும் (12ஏ), நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகையும் (80ஜி) தரும் பதிவுகள் முதலில் தற்காலிகமாகத்தான் கிடைக்கும்.

20 லட்சத்தை டெபாசிட்டில் போட்டு ஏழு சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,40,000. வரிவிலக்கு முழுசாக வேண்டுமென்றால் அதில் 85 சதவீதமாவது, அதாவது 1,19,000, நோக்கத்துக்காகச் செலவாக வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று சேர்த்துக்கொண்டே போக முடியாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து பாங்க் வழியாக அனுப்புவதில் சிக்கலில்லை. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நிதி. அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு, மூன்று வருஷ இயக்கம், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு, டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் தனிக் கணக்கு. ஆசையோடு அனுப்புவார்கள், வாங்கிவிடாதீர்கள்.

மாட்டுங்கா_வீணை:

மாமிக்கு என் நமஸ்காரம். அவர் ஏன் சிரிக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. விழாவுக்கு வருகிற வித்வான் என்ன பாடுவார்? வாதாபி கணபதிம், ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே, அன்றைய கிழமைக்கு ஒரு நவகிரக கிருதி. எல்லாம் உசத்திதான். ஆனால் அவற்றைப் பாடவைக்க ஷண்முகானந்தா இருக்கிறது, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. இன்னொரு பொன்னாடை, இன்னொரு ஹால் வாடகை, மைக், சாப்பாடு என்று உங்கள் வட்டி ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துவிடும்.

பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 1904இல் தீட்சிதரின் தம்பி வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. கம்பிதம், நொக்கு, ரவை, ஒதுக்கல், ஒரிக்கை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று கமகத்துக்கெல்லாம், அதாவது சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிக்கும் விதங்களுக்கெல்லாம், குறி போட்டு, வீணையில் எப்படிப் பிடிப்பது என்றும் எழுதியிருக்கிறார். தெலுங்கு எழுத்தில் வந்ததை மியூசிக் அகாடமி பிறகு தமிழில் பாகம் பாகமாகக் கொண்டுவந்தது. அதனால் புத்தகத்துக்குக் குறைவில்லை. அதில் ஒரு பக்கத்தை மாணவியின் விரலுக்குக் கொண்டுவர ஒரு டீச்சர் வாரக்கணக்கில் கூட உட்கார வேண்டும், அந்த நேரத்துக்கு இந்த ஊரில் யாரும் பணம் தருவதில்லை. பெற்றோருக்கு அரங்கேற்றத்துக்கு வர்ணமும் தில்லானாவும் போதும். கனகாம்பரி மாதிரி அபூர்வ ராகக் கிருதி வேண்டும் என்று கேட்டு வந்த அம்மாவை நான் பார்த்ததில்லை.

ஆடிட்டர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 5,000 வீதம் இரண்டு பேருக்கு என்றால் வருஷத்துக்கு 1,20,000. ஓரளவு தேறிய ஒரு மாணவி, அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர். நான் அதைத்தான் செய்வேன்.

நோட்டுகள் விஷயத்தில் டிரஸ்ட் பதிவாகும்வரை காத்திருக்காதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். ஸ்கேன் பண்ணுவது சுலபம். அதைவிட அவசரமானது, ஒவ்வொரு கிருதியையும் யாரிடம் பாடம் பண்ணினார் என்று மாமியைக் கேட்டு எழுதிக்கொள்வது. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடமிருந்து டி.எல். வெங்கடராம ஐயர், டி.கே. பட்டம்மாள் என்று வந்த பாடமா, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பாடமா, ரேடியோ கேட்டுப் பிடித்ததா? கடைசியில் சொன்னதானாலும் வெட்கப்படாமல் எழுதுங்கள். பிரதர்சினியில் இல்லாமல் பின்னால் அச்சான கிருதிகள் இருநூறுக்கு மேல் உண்டு. அவற்றில் எது தீட்சிதருடையது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆராய்ச்சி என்று மாமி சொல்வது இதுவாகத்தான் இருக்கும். யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத நோட்டு ஆராய்ச்சிக்கு அரைப் பயன்தான். விரல் ஓடாவிட்டால் பரவாயில்லை, பாடிக் காட்டட்டும், ஃபோனில் ரெக்கார்ட் பண்ணுங்கள்.

அப்புறம், திரும்ப எழுதும்போது சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளை, தேவநாகரியில் எழுதச் சொல்லுங்கள். சமஸ்கிருதத்தின் நான்கு க ஒலிகளைக் காட்ட க-வுக்கு மேல் 1, 2, 3, 4 என்று எண் போடுகிற பழைய வழக்கம் நம் தலைமுறைக்குச் சரி. முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வளர்கிற நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள், தேவநாகரி தண்ணீர் பட்ட பாடு. தீட்சிதர் சமஸ்கிருதத்தில் பாடியது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யோகம்.

டோம்பிவிலி_ரசிகன்:

வீணை மேடம் சொல்வதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். கச்சேரியே வேண்டாம் என்றால் அந்த மாணவி கற்றதை யாருக்கு வாசிப்பாள்? எங்களைப் போல ரயிலேறி வருகிற ரசிகர்களையும் கொஞ்சம் நினையுங்கள்.

தேதிதான் பிரச்சினை. தீட்சிதர் மறைந்தது 1835இல் தீபாவளியன்று, அன்றைக்கு ஹால் பிடித்தால் நாற்காலிகள்தான் கேட்கும். பிறந்த நாள் பங்குனிக் கிருத்திகை, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். நவராத்திரியே சரி. கமலாம்பாள் மேல் தீட்சிதர் பாடிய ஒன்பது ஆவரணக் கிருதிகளான கமலாம்பா நவாவரணம் அதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கிறது: தோடியில் தியான கிருதி, ஆனந்தபைரவியிலிருந்து ஆஹிரிவரை நாளுக்கு ஒன்று, கடைசியில் ஸ்ரீ ராகத்தில் மங்களம். யார் வீட்டுக் கொலு முன்னாலாவது மைக் இல்லாமல் வாசித்தால் செலவு சுண்டலோடு போயிற்று.

இன்னொன்று மும்பையில்தான் நன்றாக நடக்கும். தீட்சிதர் காசியில் சில வருஷம் இருந்தவர், ஹிந்துஸ்தானி ராகச் சாயலிலும் கிருதிகள் பாடியவர். ‘சேத: ஸ்ரீ பாலக்ருஷ்ணம்’ த்விஜாவந்தியை ஒருவர் பாட, ஹிந்துஸ்தானிக்காரர் ஒருவர் அதற்கு இணையான ஜெய்ஜெய்வந்தி பாடட்டும். யமுனா கல்யாணியில் ‘ஜம்பூபதே’ பாடிவிட்டு அதற்கு நெருக்கமான யமன். தாதரில் இதைக் கேட்க ஆள் உண்டு. ஜுகல்பந்தி என்று சொல்லி இருவரையும் போட்டிக்கு விடாமல் இருந்தால் போதும்.

செம்பூர்_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஃபிளாட் பேச்சு முடிந்தது. அமெரிக்க மாணவிகளில் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட், இன்னொருவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வீணை மேடத்தின் பதிலை மாமியாருக்குப் படித்துக்காட்டினேன். ‘கண்டா ராகத்து எட்டாம் ஆவரணத்திலிருந்து ஆரம்பி, அதை ஆளுக்கு ஒரு விதமாக வாசிக்கிறார்கள்’ என்றார். கணவர் இன்னும் ஹால் வாடகை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரே சந்தேகம், அந்த மாணவியை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரம் கொடுக்கலாமா?

மாட்டுங்கா_வீணை:

விளம்பரம் வேண்டாம், சிபாரிசுக் கடிதம்தான் குவியும். பிரதர்சினியிலிருந்து அவள் கேட்டிராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மாமி முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தாலும் பாதகமில்லை. இந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று நடுவில் ஃபோன் பண்ணிக் கேட்கிறாளா என்று பாருங்கள், கேட்கிறவளை எடுத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு நான் வருகிறேன், புதன், சனி மத்தியானம் மூன்று மணிக்கு மேல்.