பிரம்புக் கதிரை: கையால் பின்னுவதா, பின்னிய பாயைப் பதிப்பதா?

கேள்வி (ஹட்டன்)
பழைய பங்களாக் கதிரை ஒன்று. இருக்கைப் பிரம்பு முன்பக்கத்தில் வரிசையாக அறுந்துவிட்டது. சட்டத்தில் சுற்றிவரத் துளைகள் இருக்கின்றன, நடுவுக்கு நடு அரை அங்குலம். கடையில் பின்னிய பிரம்புப் பாய் சுருளாகக் கிடைக்கிறது. அதை வெட்டி ஆணியடித்தால் போதுமா? பின்னுவதென்றால் எந்த அளவு நார் வாங்க வேண்டும்?

பதில் (கண்டி)
ஆணி வேண்டாம் அண்ணே, பாரம் ஏறியதும் ஆணிக்காலில்தான் முதலில் கிழியும். பாய் பதிக்கச் சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்க வேண்டும். உங்களுடையது துளைக் கதிரை, கையால்தான் பின்ன வேண்டும்.

அரை அங்குல இடைவெளிக்கு 2.5 மில்லிமீற்றர் நார். முக்கால் அங்குலமாக இருந்தால் 3.5. பன்னிரண்டு அங்குலச் சதுர இருக்கைக்கே 250 அடி போகும், அதனால் கூட்டியே வாங்குங்கள். பளபளப்பான மேல்தோல் நாரையே கேளுங்கள், உள்தண்டு நார் இருக்கைக்குத் தாங்காது. கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவில் பிரம்புக் கடைகள் இருக்கின்றன.

பழைய நாரை வெட்டி எடுத்ததும் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, சட்டத்தின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் அதுதான் நாரை அறுத்திருக்கும். சான்ட் பேப்பரால் மழுக்கிவிடுங்கள்.

பதில் (பண்டாரவளை)
நாரை இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் போட்டால் போதும். கூட ஊறினால் நிறம் மங்கும். கணுவில் சிக்காத திசை பார்த்து இழுங்கள்.

முன்னும் பின்னும் நடுத்துளையில் தொடங்குங்கள். முதல் ஓட்டம் பின்னிருந்து முன்னுக்கு, அடுத்தது அதன்மேல் குறுக்காக, மூன்றாவது மறுபடியும் முன்னோட்டம், முதலாவதன் வலப்பக்கம் ஒட்டி. நான்காவது மறுபடியும் குறுக்காக, அதில்தான் நெசவு: மூன்றாவதுக்கு மேலே, முதலாவதுக்குக் கீழே. இந்த முதல் மூன்றையும் தந்திபோல இறுக்கிவிட்டால், மூலைவிட்ட நாருக்கு இடமே இருக்காது. சற்றுத் தளர்வாகவே விடுங்கள், காய்ந்ததும் தானே இறுகும்.

மூலைவிட்டம் இரண்டு. ஒன்று முன்னோட்டச் சோடிகளுக்கு மேலும் குறுக்குச் சோடிகளுக்குக் கீழும் போனால், மற்றது அதற்கு நேர்மாறு. சரியாகப் போனால் நார் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு சந்திப்பிலும் பிடித்தால் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், அவிழ்த்துவிடுங்கள். அப்படியே விட்டால் நார்கள் ஒன்றையொன்று தேய்த்து அறுக்கும்.

கேட்டவர்
முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். ஓரத்தில் எப்படி?

பதில் (பண்டாரவளை)
நேர்கோடு கோணாமல் ஓட்டுங்கள். மிஞ்சும் முன்நார்கள் பக்கச்சட்டத் துளைகளில் முடியட்டும். பின்மூலைத் துளைக்கு இழுத்தால் கட்டங்கள் சாய்ந்துவிடும்.

பதில் (கண்டி)
முடிந்ததும் நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். மழை மூட்டத்தில் அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் நார் பிளக்கும், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வார்னிஷ் மேல்பக்கம் மட்டும். நாளடைவில் இருக்கை தொய்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்துக் காயவிட மறுபடி இறுகும்.