சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா வரவில்லை, சேற்று நிறம்தான் வருகிறது. உதவுங்கள்

அல்லிக்குளம்:
வணக்கம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் வாட்டர் கலரில் கத்தரிக்காய் வரைகிறாள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளாகக் கலக்குகிறோம், கரியில் செங்கல் பொடி போட்ட மாதிரி வருகிறது. நேற்று அழுதே விட்டாள். பெயிண்ட் மட்டமானதா?

தூரிகை:
டியூப் மேல் என்ன பெயர் போட்டிருக்கிறது? சிவப்பில் பல வகை உண்டு, நீலத்திலும் அப்படித்தான்.

அல்லிக்குளம்:
சிவப்பு வெர்மிலியன், நீலம் பிரஷ்யன் ப்ளூ. கிரிம்சன், அல்ட்ராமரைன் என்று இரண்டு டியூப் திறக்காமலே இருக்கின்றன.

தூரிகை:
பெயிண்ட் மேல் தப்பில்லை, ஜோடிதான் தப்பு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. பெயிண்டுக்கு நிறம் தரும் பொருளான நிறமி அந்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மிச்சம்தான் நமக்கு நிறமாகத் தெரிகிறது. வெர்மிலியன் ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு. நீலம், பச்சை இரண்டையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். பிரஷ்யன் ப்ளூ சிவப்பை விழுங்கும். சேர்த்துக் கலந்தால் இது விட்டதை அது எடுத்துக்கொள்ளும், தாளிலிருந்து திரும்பி வர அதிகம் மிஞ்சாது. அதுதான் உங்கள் சேறு.

ஊதாவுக்குப் பச்சை மட்டும் போக வேண்டும், நீலமும் சிவப்பும் மிஞ்ச வேண்டும். கிரிம்சன் கொஞ்சம் நீலத்தை விட்டுவைக்கும். அல்ட்ராமரைனும் சிவப்பு ஒளியில் கொஞ்சம் விட்டுவைக்கும். திறக்காத அந்த இரண்டையும் கலந்து பாருங்கள்.

அச்சுக்கூடம்:
தூரிகை சொன்னது சரி. இன்னும் பளிச்சென்று வேண்டுமானால் ஒரு மெஜந்தா (நீலம் சாய்ந்த இளஞ்சிவப்பு) டியூப் வாங்குங்கள். அது முக்கியமாகப் பச்சையைத்தான் விழுங்கும். நாங்கள் அச்சில் சிவப்பு மைக்குப் பதில் மெஜந்தா வைத்திருப்பதும் இதனால்தான். அப்புறம், பிரஷ்ஷை நன்றாகக் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். துளி மஞ்சள் ஒட்டியிருந்தாலும் அது நீலத்தை விழுங்கி ஊதாவைப் பழுப்பாக்கிவிடும்.

அல்லிக்குளம்:
மிக்க நன்றி. மகள் ஒன்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. வானவில்லிலும் ஊதா இருக்கிறதே, அங்கே யார் கலந்தார்கள்?

தூரிகை:
அருமையான கேள்வி, அவளை அணைத்துக்கொள்ளுங்கள்! வானவில்லின் ஊதா கலவையே இல்லை. 400 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைநீள ஒளி அது. நம் கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. வெவ்வேறு ஒளிகள் அவற்றைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தூண்டினால் நமக்கு ஒரே நிறமாகத்தான் தெரியும், அதனால்தான் உங்கள் கலவையும் ஊதாவாகத் தெரிகிறது. மெஜந்தா இன்னும் விசித்திரம், அதற்கென்று ஒரு தனி அலைநீளமே கிடையாது. வானவில்லில் தேடினாலும் அகப்படாது. நிறமாலையின் சிவப்பு முனையையும் ஊதா முனையையும் வளைத்துச் சேர்த்து நிறங்களை ஒரு வட்டமாக வரைந்தவர் நியூட்டன், 1704-இல் வெளிவந்த தன் ஒளியியல் நூலில்.

அல்லிக்குளம்:
கத்தரிக்காய் வந்துவிட்டது! கிரிம்சனை விட அல்ட்ராமரைன் சற்றுக் கூடுதலாக வைத்தோம். காம்புக்குப் பச்சை கலக்கவும் இதே அல்ட்ராமரைன்தானா?

தூரிகை:
வேண்டாம், பச்சை மங்கிவிடும். அதற்குத்தான் உங்கள் பிரஷ்யன் ப்ளூ. லெமன் யெல்லோவோடு கலந்து பாருங்கள்.