கடவுள் ஆள் பார்க்கமாட்டார் என்கிறோமே: உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்

செம்மண் காட்டான்
நானே தொடங்குகிறேன். எங்கள் பங்கில் (கோவில் வட்டாரத்தில்) வட்டிக்கடை வைத்திருந்த ஒருவர், பெயர் வேண்டாம். கோவில் பக்கமே வராதவர். கடைசி நேரத்தில் ஃபாதரைக் கூப்பிட்டார்கள். பாவசங்கீர்த்தனம், நோயில் பூசுதல், நற்கருணை எல்லாம் கிடைத்து, விடிவதற்குள் போய்விட்டார். அடக்கப் பூசையில் மத்தேயு 20, திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமை. சாயங்காலம் வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம், ஒரு நாள் கூலிதான் என்று ஃபாதர் நன்றாகவே பேசினார்.

வெளியே கேட் பக்கத்தில் ஒரு அக்கா ஃபாதரை நிறுத்தினார். அவருடைய சங்கிலி அந்தக் கடையில் மூழ்கிப்போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சத்தம் போடவில்லை. "கடைசியா வந்தவருக்கும் ஒரே கூலி, சரி ஃபாதர். ஆனா இவரு சும்மா வரலையே. காலையிலேர்ந்து வேலை செஞ்ச எங்க கூலியையும் எடுத்துக்கிட்டுல்ல வந்தாரு?"

ஃபாதர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "சக்கேயு நாலு மடங்கு திருப்பிக் குடுத்தாரும்மா. நான் அவரு பையன்கிட்ட பேசுறேன்." அவ்வளவுதான். (சக்கேயு, லூக்கா 19இல் மனம் மாறிய வரி வசூலிப்பவர்.) பாவம் மன்னிக்கப்பட்டாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போகாது என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். மிச்சத்துக்கு, செத்தபின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. அங்கே அவர் உத்தரித்தால் அக்கா கழுத்துக்குச் சங்கிலி வருமா?

வாசகர் பீடம்
என்னுடையது சின்ன விஷயம். பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு. இரண்டாம் வாசகம் என் முறை. யாக்கோபு 2, தெரியுமே. பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை கட்டியவருக்குத் தரை. அந்த வரியில் இருக்கும்போதே பக்க வாசல் வழியாக, கொடிமரத்துக்குப் பணம் கொடுத்த பெரியவர் வந்தார். உபதேசியார் சக்ரீஸ்தி அறையிலிருந்து நாற்காலியைத் தூக்காமல் தரையோடு இழுத்து வந்தார். கிரீச்சென்று அந்தச் சத்தம் மைக்கில் ஏறியது. நான் நிறுத்திவிட்டேன். கீழே பாயில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் ஒதுங்கி வழி விட்டார்கள். அப்புறம் "என் கால்பக்கம் தரையில் உட்கார்" என்ற வரியை நான் படித்தாக வேண்டும். படித்தேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா
வாசகர் பீடம் தம்பிக்கு: ஒரு நாற்காலியை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா? அந்தப் பெரியவருக்கு முழங்கால் வலி இருந்திருக்கலாம். ஏழைக்குச் சாய்வதும் பட்சபாதம்தான். லேவியராகமம் 19:15 பாருங்கள். சிறியவனுக்கு முகதாட்சிணியமும் கூடாது, பெரியவன் முகத்துக்கு அஞ்சவும் கூடாது.

எங்கள் சபைக் கமிட்டியில் காணிக்கைக் கணக்கில் கை வைத்த ஒருவரை, ஏழை, பாவம், விடுங்கள் என்றார்கள். நான் மட்டும் கூடாது என்றேன். இன்றும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்.

பொதுவாக எல்லோருக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். ரோமர் 2ஐத் தனியாகப் படிக்காதீர்கள், முதல் அதிகாரத்தோடு ஒரே மூச்சில் படியுங்கள். முதல் அதிகாரத்தின் பின்பாதி முழுக்க அடுத்தவன் பாவப் பட்டியல். படிக்கும்போது தெரிந்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக வரும், நமக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. இரண்டாம் அதிகாரம் முதல் வசனத்திலேயே பவுல் நம் பக்கம் திரும்பி, அடுத்தவனைக் குற்றவாளி என்கிறவனே, உனக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். அதற்குப் பிறகுதான் 11ஆம் வசனம், தேவனிடத்தில் பட்சபாதமில்லை. கூடவே லூக்கா 12:47, 48ஐயும் வையுங்கள். எஜமானின் சித்தம் தெரிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி, தெரியாதவனுக்குச் சில அடி. ஆக எல்லோருக்கும் ஒரே அளவு அடி என்பதல்ல பட்சபாதமின்மை. தெரிந்ததற்குத் தக்கபடி கணக்கு. தினமும் காலையில் வேதம் கையிலெடுக்கும் நமக்குத்தான் கணக்கு கூடுதல். உபாகமம் 10:17ஐயும் விடாதீர்கள். அவர் பரிதானம் (லஞ்சம்) வாங்குகிறவர் அல்ல. தசமபாகத்தை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லி ஜெபத்தில் பேரம் பேசுகிறவர்கள் யோசிக்கவும். இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், ஞாயிறு பள்ளியை மட்டும் நம்பாதீர்கள்.

வாசகர் பீடம்
முழங்கால் வலியெல்லாம் இல்லை ஐயா. அன்று சாயங்காலம் அவர் ஷட்டில் ஆடினார்.

பள்ளத்தூர் நர்ஸ்
நான் கத்தோலிக்கப் பெண். பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் ஆச்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அவ்வளவு பெரிய வீடு, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் காபி ஆறிவிடும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு.

பிள்ளையார் நோன்பு வந்தது. தெரியாதவர்களுக்கு: திருக்கார்த்திகை நாளிலிருந்து 21ஆம் நாள், புதுத்துணியில் பிரித்த 21 நூலைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுப்பது என்பார்கள். ஆச்சிக்கு அப்போது கஞ்சி குடித்தாலே புரையேறும். டாக்டர் கூடாது என்றிருந்தார். "இத்தனை வருஷம் விட்டதில்லை ஆத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரியென்று மாவைக் கடுகளவாகக் கிள்ளி, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். சுடர் உதட்டருகே வந்தபோது அந்தக் கை நடுங்கவே இல்லை. சாதாரணமாக டம்ளரைக் கூடப் பிடிக்க முடியாத கை.

விழுங்கி முடித்து வாயைத் துடைத்துவிடும்போது கேட்டார்: "உங்க சாமி என்னைய நரகத்துல போட்டுருவாரா?"

எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்கள், நேர்மையாகக் கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தால் மீட்புப் பெறலாம் என்று இருக்கிறது. ஆனால் ஆச்சி அறியாதவர் இல்லையே. சிஸ்டர்கள் பள்ளியில் படித்தவர். கர்த்தர் கற்பித்த செபத்தை என்னைவிட வேகமாகச் சொல்வார். தெரிந்தே பிள்ளையாரிடம் இருந்தவர். அவரை எந்த வரியில் வைப்பது?

"போட மாட்டாரு ஆச்சி" என்றேன். "நீ சொல்ற, அவரு சொல்லணுமே" என்று சிரித்தார். மாசி மாதம் தவறிப்போனார். நான் சொன்னது ஆறுதலா, விசுவாசமா என்று எனக்கே தெரியவில்லை.

ஜீவ ஊற்று
சிஸ்டர், மனதைப் புண்படுத்த அல்ல. அப்படி வாக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. நானே வழி, என் மூலமாய் அல்லாமல் யாரும் பிதாவிடம் வருவதில்லை என்று யோவான் 14:6 தெளிவாக இருக்கிறது. பட்சபாதமில்லை என்றால் வழி எல்லோருக்கும் ஒன்றே என்று அர்த்தம், வழியே வேண்டாம் என்று அல்ல. எனக்கு அனுபவம் என்று பெரிதாக இல்லை, என் அம்மாவும் இரட்சிக்கப்படாமல்தான் போனார்கள். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தொண்டி ரோடு
ஓரியூர் திருவிழாவுக்குப் பையனோடு போயிருந்தேன். போர்த்துகீசிய மறைப்பணியாளர் புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் தலை வெட்டப்பட்ட இடம். ஜனங்கள் சிவப்பு மண்ணை மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் பொட்டலம் கட்டினேன். பையன் கேட்கிறான்: "வெட்டுனவரும் மோட்சத்துல இருந்தா, புனிதர் அவரைப் பாத்து என்னப்பா சொல்லுவாரு?" பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை, ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

பள்ளத்தூர் நர்ஸ்
ஜீவ ஊற்று அண்ணே, 14:6 எனக்கும் மனப்பாடம். யூதரல்லாத ரோமை நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் பேதுருவுக்கே கடவுள் ஆள் பார்ப்பதில்லை என்று புரிந்தது, திருத்தூதர் பணி 10. அதற்குப் பிறகு அவனுக்குத் திருமுழுக்கும் கொடுக்கச் சொன்னார், அதையும் நான் மறைக்கவில்லை. எனக்கு வசனம் வேண்டாம். உங்கள் அம்மா உங்களிடம் அதே கேள்வியைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்? அதை எழுதுங்கள்.